ஆங்கிலத் துணை வாக்கியத்தின் வாசலில் நிற்கும் சொற்கள்

கேள்வி இதுதான்: 'ஸோ தட்', 'நவ் தட்', 'இன் தட்', 'ப்ரொவைடட் தட்', 'ஆஸ் லாங் ஆஸ்', 'த மொமென்ட்' என்று ஆங்கிலத்தில் துணை வாக்கியத்தைத் தொடங்கி வைக்கும் சொற்களும் தொடர்களும் ஏராளம். பட்டியல் போட்டு, எதிரே தமிழ் அர்த்தம் எழுதி மனப்பாடம் செய்தாயிற்று. படிக்கும்போது புரிகிறது, எழுதும்போது தப்பு வருகிறது. இதற்குள் ஏதாவது ஒழுங்கு உண்டா, 'தட்' எங்கே வேண்டும், எங்கே விடலாம்? கூடவே மூன்று வாக்கியங்களைக் கொடுத்து, இவற்றில் என்ன தப்பு என்றும் கேட்டிருக்கிறீர்கள். 'ஆல்தோ ஹி இஸ் இல், பட் ஹி கேம்.' 'அன்டில் யூ வில் நாட் ஃபினிஷ், ஐ கேனாட் ஸ்டார்ட்.' 'ஐ ஆஸ்க்ட் ஹிம் தட் வென் இஸ் த மீட்டிங்.'

ஒழுங்கு உண்டு. பட்டியலில் அது தெரியாது, அவ்வளவுதான். ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதைத்தான் பட்டியல் சொல்லும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் வாக்கியம் எந்தக் காலத்தில் இருக்க வேண்டும், அதற்குள் 'நாட்' வரலாமா, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு இணைப்புச் சொல் நிற்கலாமா என்பதையெல்லாம் சொல்லாது. உங்கள் மூன்று வாக்கியங்களிலும் சொல்லின் அர்த்தம் தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள். சறுக்கியது மற்ற இடங்களில்.

முதலில் நம் மொழி இதை எப்படிச் செய்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் பாதிச் சிக்கல் அங்கிருந்து வருகிறது. தமிழ் இணைப்பை வினையின் வாலில் வைக்கிறது. மழை பெய்தால், பெய்தாலும், பெய்ததால், பெய்யும்போது, பெய்யும் வரை, பெய்யாவிட்டால். 'மழை பெய்' என்பது வரைக்கும் கேட்பவருக்கு உறவு என்ன என்று தெரியாது; கடைசி அசை விழுந்த பிறகுதான் நிபந்தனையா, காரணமா, காலமா என்பது தெரியும். தொல்காப்பியம் 'செய்து செய்யூ செய்பு' என்று தொடங்கி ஒன்பது வினையெச்ச வடிவங்களை எண்ணிச் சொல்கிறது. ஒன்பதும் வினை எடுக்கும் வடிவங்களே, தனியாக நிற்கும் இணைப்புச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆங்கிலத்தில் இது தலைகீழ். உறவைச் சொல்லும் சொல் முதலில் வந்து நின்றுவிடும், அதற்குப் பின்னால் எழுவாயும் காலம் காட்டும் வினையுமாக முழு வாக்கியம் வரும். ஆக, தமிழில் வினைக்குள்ளேயே ஒட்டிக் கிடந்த எதிர்மறை, காலம், உறவு மூன்றையும் பிரித்தெடுத்து மூன்று இடங்களில் வைக்க வேண்டியிருக்கிறது. பிரிக்கும்போது ஒன்று இரண்டு தடவை விழுந்துவிடும், அல்லது இடம் மாறி விழும்.

இரண்டாவது வாக்கியம் இதற்கு அப்பட்டமான உதாரணம். மனதில் ஓடிய தமிழ் 'நீ முடிக்காத வரை என்னால் தொடங்க முடியாது' என்பது. தமிழில் அது சுத்தமான வாக்கியம். முடிக்காத நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவு நேரமும் என்று 'வரை' அங்கே ஒரு நீளத்தைக் காட்டுகிறது. 'அன்டில்' நீளத்தைக் காட்டாது, நீளம் முடியும் புள்ளியைக் காட்டும். அந்தப் புள்ளி எது? நீங்கள் முடிக்கும் கணம். அதில் 'நாட்' கிடையாது. ஆகவே 'ஐ கேனாட் ஸ்டார்ட் அன்டில் யூ ஃபினிஷ்'. இல்லை, எனக்கு அந்தத் தமிழ் நீளம்தான் வேண்டும் என்றால் அதற்கு வேறு சொல் இருக்கிறது: 'ஆஸ் லாங் ஆஸ் யூ ஹாவன்ட் ஃபினிஷ்ட், ஐ கேனாட் ஸ்டார்ட்'. 'ஆஸ் லாங் ஆஸ்' நீளத்தை அளக்கும் தொடர், அதனால் அதற்குள் எதிர்மறை தாராளமாக வரலாம்.

'அன்லெஸ்'ஸும் இதே குழியில் விழ வைக்கும். 'படிக்காவிட்டால் தோற்றுப்போவாய்' என்பதை நினைத்துக்கொண்டு 'அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி' என்று எழுதுபவர்கள் ஏராளம். 'விட்டால்' என்ற பகுதிக்கு 'அன்லெஸ்' போட்டாயிற்று, 'படிக்கா' என்பதற்கு 'டோன்ட் ஸ்டடி' போட்டாயிற்று. விளைவு என்னவென்றால், படித்தால் தோற்றுப்போவாய் என்ற நேர் எதிர்ப் பொருள். எதிர்மறை 'அன்லெஸ்'ஸின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'அன்லெஸ்' என்றால் 'இஃப் நாட்' என்று இலக்கண வகுப்பில் சொல்வார்கள். பெரும்பாலும் பொருந்தும், எப்போதும் இல்லை. 'அவர் வராவிட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்' என்பதை 'ஐ வில் பி ஸர்ப்ரைஸ்ட் இஃப் ஹி டஸன்ட் கம்' என்றுதான் சொல்ல முடியும், அங்கே 'அன்லெஸ் ஹி கம்ஸ்' போட்டால் தவறு. 'அன்லெஸ்' விதிவிலக்கைச் சொல்கிறது: இந்த ஒரு நிலை தவிர மற்ற எல்லா நிலையிலும் என்று. ஆச்சரிய வாக்கியத்தில் விதிவிலக்கு ஏதும் இல்லை. வராததே ஆச்சரியத்துக்குக் காரணம். 'இந்த ஒன்று நடந்தாலொழிய' என்று தமிழில் மாற்றிப் பாருங்கள், பொருந்தினால் 'அன்லெஸ்' போடுங்கள். 'ஒழிய' என்ற நம் சொல் இந்த வேலையை அச்சாகச் செய்கிறது, பட்டியல்களில் ஏன் அதை எழுதுவதில்லை என்று எனக்கு எப்போதுமே வருத்தம்.

அதே வாக்கியத்தில் 'வில்' என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பார்ப்போம். காலத்தையோ நிபந்தனையையோ சொல்லும் துணை வாக்கியத்தில் எதிர்காலச் செய்தியாக இருந்தாலும் 'வில்' வராது: 'வென் ஹி கம்ஸ்', 'இஃப் ஹி கம்ஸ்', 'பிஃபோர் ஹி கம்ஸ்', 'ஆஸ் ஸூன் ஆஸ் ஹி கம்ஸ்'. எதிர்காலம் முதன்மை வாக்கியத்தில் ஒரு தடவை வந்தால் போதும். விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் நாமும் இதையே செய்கிறோம். 'நாளைக்கு அவர் வந்ததும் சொல்கிறேன்', 'வந்தால் சொல்கிறேன்', 'வந்த பிறகு சொல்கிறேன்'. நாளை நடக்கப்போகும் விஷயத்துக்கு 'வந்த' என்று இறந்தகால வடிவம் போட்டிருக்கிறோம், யாரும் குழம்புவதில்லை.

ஆனால் 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்' என்ற வாக்கியம் சரி. 'ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்' சரி. இங்கேதான் பலருக்கும் விதி உடைந்தது போலத் தோன்றுகிறது. உடையவில்லை. ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது, தமிழில் மாற்றிப் பார்த்தால் உடனே பிரிந்துவிடும். தமிழில் 'வரும்போது', 'வந்ததும்' என்று வந்தால் 'வில்' கூடாது. 'எப்போது வருவார் என்று' வந்தால் 'வில்' வேண்டும். 'வந்தால்' என்று வந்தால் 'வில்' கூடாது. 'வருவாரா என்று' வந்தால் வேண்டும். ஏன் என்றால் 'என்று' வரும் இடத்தில் அந்தத் துணை வாக்கியம் முழுவதும் ஒரு பெயர்ச்சொல்லின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, தெரியாத பொருள் அது. தன் காலத்தைத் தானே சுமக்க வேண்டும். தமிழ்க்காரர்களுக்கு இந்தச் சோதனை இலவசமாகக் கிடைத்திருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது வகை 'இஃப்' இருக்கும் இடத்தில் 'வெதர்' போடலாம் என்பதும் இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டியது. வேற்றுமையிடைச்சொல் போல வரும் 'அபவுட்', 'ஆன்' போன்ற சொற்களுக்குப் பின்னாலும், 'டு கோ' போன்ற வடிவத்துக்கு முன்னாலும் 'வெதர்' மட்டுமே நிற்கும், 'இஃப்' நிற்காது.

சரி, முதல் வாக்கியம். 'ஆல்தோ' போட்டால் 'பட்' வேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஏன் நாம் போடுகிறோம் என்று யோசித்தால் திருத்துவது எளிது. தமிழும் ஒரு பக்கம்தான் குறி போடுகிறது: 'உடம்பு சரியில்லாவிட்டாலும் வந்தார்', முடிந்தது. அப்படியானால் 'பட்' எங்கிருந்து வந்தது? 'ஆல்தோ'வுக்கு எதிரே 'இருந்தாலும்' என்று எழுதி மனப்பாடம் செய்ததிலிருந்து. 'இருந்தாலும்' தமிழில் இரண்டாவது வாக்கியத்தின் தலையில் நிற்கும்: 'அவருக்கு உடம்பு சரியில்லை. இருந்தாலும் வந்தார்.' ஆல்தோ நிற்பது உடம்பு சரியில்லாத வாக்கியத்தின் தலையில், வந்த வாக்கியத்தின் தலையில் இல்லை. அந்த அர்த்தத்தை வைத்துக்கொண்டு எழுதினால் இரண்டு விதமாகத் தப்பு வரும். ஒன்று, நீங்கள் எழுதியது. இன்னொன்று, 'ஹி வாஸ் இல். ஆல்தோ, ஹி கேம்' என்று எழுதி நடுவில் ஒரு காற்புள்ளியையும் வைப்பது. 'ஆல்தோ'வுக்கு எதிரே 'சரியில்லாவிட்டாலும்' என்பது போல ஒரு முழு வினையை எழுதிவையுங்கள், இரண்டும் ஒழியும். நம் 'இருந்தாலும்' வேண்டும் என்றால் அதற்கு 'தோ' இருக்கிறது, வாக்கியக் கடைசியில் தனியாக வரும்: 'ஹி வாஸ் இல். ஹி கேம், தோ.' ஆல்தோ அப்படிக் கடைசியில் வராது. ஆக, 'ஆல்தோ ஹி வாஸ் இல், ஹி கேம்'. வந்தது நேற்று என்பதால் உடம்பு சரியில்லாததும் நேற்றுக்குரிய வடிவம் எடுத்திருக்கிறது. காரணத்தில் 'சின்ஸ்' போட்டுவிட்டு எதிரே 'ஸோ' போடுவது, 'சப்போஸ் இஃப்' என்று இரண்டு நிபந்தனைச் சொல்லை ஒன்றாக அடுக்குவது எல்லாம் இதே இரட்டைக் குறிதான். 'இஃப்'புக்கு எதிரே 'தென்' வருவது மட்டும் சரி, அது பழைய ஜோடி.

'ஈவன் தோ', 'ஈவன் இஃப்' இரண்டையும் ஒன்றாகவே நினைப்பவர்களுக்கு ஒரு சொல். நம் மொழியில் 'மழை பெய்தும் போனேன்' வேறு, 'மழை பெய்தாலும் போவேன்' வேறு. முதலாவதில் மழை உண்மையாகவே பெய்தது. இரண்டாவதில் பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். முதலாவது 'ஈவன் தோ', இரண்டாவது 'ஈவன் இஃப்'.

இனி 'தட்'. ஆங்கிலத்தின் பழைய நிலையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்தச் சொல்லின் நடத்தை புரியும். 'தட்' முதலில் 'அது' என்று சுட்டும் சொல்தான். 'எனக்குத் தெரியும் அது: அவன் வந்தான்' என்பது போல நின்று நின்று, பின்னால் வரும் வாக்கியத்தைத் திறந்துவிடும் சொல்லாக மாறியது. இடைக்கால ஆங்கிலத்தில் அது இணைப்புச் சொற்கள் பலவற்றோடும் ஒட்டிக்கொண்டு வந்தது. 'வென் தட்', 'இஃப் தட்', 'பிகாஸ் தட்' என்று. அந்தக் காலக் கவிஞர் சாஸரின் கேன்டர்பரி கதைகளின் முதல் வரியே 'வான் தட் ஏப்ரில்' என்றுதான் தொடங்குகிறது; 'வான்' என்பது 'வென்'னின் பழைய வடிவம். 1611-இல் வந்த ஆங்கில விவிலியத்தில்கூட 'பிஃபோர் தட் ஃபிலிப் கால்ட் தீ' என்று இருக்கிறது. காலப்போக்கில் தனிச்சொல்லாக நின்றவற்றிலிருந்து 'தட்' உதிர்ந்துவிட்டது, இன்றைக்கு 'வென் தட்' என்று யாரும் எழுதமாட்டார்கள். ஆனால் 'ஸோ', 'நவ்', 'இன்', 'எக்ஸெப்ட்', 'கிவன்', 'ப்ரொவைடட்' போன்ற சொற்களோடு அது நின்றுவிட்டது. காரணம் எளிது. 'வென்', 'இஃப்' இரண்டுக்கும் துணை வாக்கியத்தைத் திறப்பதே வேலை, அவற்றுக்கு உதவி தேவையில்லை. 'நவ்', 'இன்', 'கிவன்' எல்லாவற்றுக்கும் வேறு வேலைகள் உண்டு. 'பின்னால் ஒரு முழு வாக்கியம் வருகிறது' என்று அறிவிக்க யாராவது வேண்டும். அந்த அறிவிப்புதான் 'தட்'.

இதை வைத்து எங்கே விடலாம் என்பதையும் ஊகிக்க முடியும். வாசிப்பவர் தடுமாறாத இடத்தில் விடலாம். 'ஐ திங்க்', 'ஐ நோ', 'ஹி ஸெட்' போன்ற அன்றாட வினைகளுக்குப் பின்னால் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 'ஸோ தட்', 'நவ் தட்', 'ப்ரொவைடட் தட்' மூன்றிலும் விடலாம், நடை கொஞ்சம் இளகும். 'இன் தட்', 'இன் ஆர்டர் தட்' இரண்டிலும் விடவே முடியாது. விட்டால் 'இன்' அந்தரத்தில் தொங்கும். 'தட்' வாக்கியமே எழுவாயாக முதலில் நின்றால், 'தட் ஹி கேம் ஸர்ப்ரைஸ்ட் மி' என்பதில் போல, கண்டிப்பாக வேண்டும், இல்லையென்றால் 'ஹி கேம்' என்று வாக்கியம் முடிந்துவிட்டதாக வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். 'த ஃபேக்ட் தட்' போலப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னாலும் எழுத்தில் விடாதீர்கள். அப்புறம், விதிப்படி விடலாம் என்றாலும் வாசிப்பவரைத் தவறான வழியில் இழுத்துவிடும் இடங்கள் உண்டு. 'த டீச்சர் நியூ தி ஆன்ஸர் வாஸ் ராங்' என்று எழுதினால், 'ஆசிரியருக்கு விடை தெரியும்' என்று கண் ஒரு நொடி நம்பிவிட்டு, 'வாஸ் ராங்' வந்ததும் திரும்பிப்போய்ப் படிக்கும். 'நியூ தட்' என்று போட்டால் அந்த இடறல் இல்லை. எனக்குச் சந்தேகம் வரும் இடத்தில் எல்லாம் நான் 'தட்'டை வைத்துவிடுவேன், கூடுதலாக இருந்து யாருக்கும் தீங்கு செய்ததில்லை.

'கிவன் தட்', 'ஸீயிங் தட்', 'ப்ரொவைடட் தட்', 'ஸப்போஸிங்', 'அஸ்யூமிங்' என்று ஒரு கூட்டம் இருக்கிறது. எல்லாமே வினைகள் உறைந்துபோய் இணைப்புச் சொல்லான கதை. தமிழருக்கு இது புதிது இல்லை. 'ஆனால்' என்பது 'ஆ' என்ற வினையின் நிபந்தனை வடிவம். 'ஆகையால்', 'ஆயினும்', 'எனவே', 'என்றாலும்', 'ஏனென்றால்' எல்லாம் 'ஆ', 'என்' என்ற இரண்டு வினைகள் உறைந்தவை. ஆங்கிலத்தில் 'ஆல்பீட்' என்று ஒரு பழைய சொல் உண்டு, 'ஆல் பி இட்' என்ற மூன்று சொல் ஒட்டியது. 'அது அப்படியே ஆயினும்' என்பது அதன் உட்பொருள். அதாவது நம் 'ஆயினும்' எந்த வழியில் வந்ததோ கிட்டத்தட்ட அதே வழியில் அந்தச் சொல்லும் வந்திருக்கிறது. இரண்டு மொழிக்கும் உறவே இல்லை, ஆனாலும் 'அப்படி இருந்தாலும்' என்று விட்டுக்கொடுக்கும் சொல்லை 'ஆகு' என்ற வினையிலிருந்தே செய்திருக்கின்றன. எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு இது சந்தோஷமாக இருக்கிறது.

பெயர்ச்சொல்லிலிருந்து வந்தவையும் அப்படித்தான். 'வைல்' பழைய ஆங்கிலத்தில் 'ஒரு பொழுது' என்று பொருள் தரும் பெயர்ச்சொல். நம் 'வரும்போது' என்பதில் இருக்கும் 'போது' பொழுதேதான். 'பிகாஸ்' என்பது 'பை காஸ்', காரணத்தால். இன்றைக்கும் இந்தப் பாதை திறந்தே இருக்கிறது: 'த மொமென்ட் ஹி கேம்', 'எவ்ரி டைம் ஐ கால்', 'த டே வி மெட்', 'த வே யூ ஸ்பீக்'. இவற்றுக்குப் பின்னால் 'வென்' போட வேண்டியதில்லை, 'த மொமென்ட் வென் ஹி கேம்' என்று எழுதினால் 'அவன் வந்த கணம்' என்று கணத்தைப் பற்றிப் பேசுவது போலாகும், 'வந்த உடனே' என்ற வேகம் போய்விடும். 'வந்த கணமே', 'வந்த உடனே' என்று பெயரெச்சத்தோடு காலப்பெயரை நேராக ஒட்டுவது நமக்குக் கைவந்த வேலை, இங்கே தமிழ்போல நினைத்தாலே சரியாக வரும். 'பை த டைம்' மட்டும் கொஞ்சம் கவனம் கேட்கும். அது 'வந்து சேர்வதற்குள்' என்று எல்லை போடுவதால் எதிர்ப்பக்கத்து வினை பெரும்பாலும் முடிந்த நிலையைக் காட்டும்: 'பை த டைம் ஹி கேம், வி ஹாட் லெஃப்ட்'.

'ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ' என்பதை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை, 'எனக்குத் தெரிந்த வரை'. 'இன் தட்' என்பது 'என்ற வகையில்'. 'இரண்டும் ஒன்றுபோல, இரண்டுக்கும் ஒரே மூலம் என்ற வகையில்' என்று சொல்வோமே, அந்த இடம். அதற்கு முன்னால் ஒரு பொதுக்கூற்று இருக்கும், அதை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 'இன் தட்' குறுக்கிச் சொல்லும். 'பிகாஸ்' போட்டால் காரணமாகிவிடும், பொருள் மாறும்.

'இன் கேஸ்' பலரும் 'இஃப்' போலப் பயன்படுத்துவது. 'டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெய்ன்ஸ்' என்றால் குடையை இப்போதே எடுத்துக்கொள்ள வேண்டும், மழை வருமோ வராதோ. 'இஃப் இட் ரெய்ன்ஸ்' என்றால் மழை வந்த பிறகு எடுத்தால் போதும். தமிழில் 'வந்தால்' என்பதற்கும் 'வந்துவிட்டால் என்ன செய்வது என்று' என்பதற்கும் உள்ள தூரம் அது. அமெரிக்க வழக்கில் 'இன் கேஸ்' சில நேரம் 'இஃப்' போலவே வரும், அதைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள், எழுதும்போது முதல் பொருளுக்கே வைத்துக்கொள்வது நல்லது.

'ஸோ தட்' நோக்கத்தையும் சொல்லும், விளைவையும் சொல்லும். 'எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் பேசு', இது நோக்கம், பின்னால் 'கேன்' அல்லது 'வில்' போன்ற துணைவினை பெரும்பாலும் வரும். 'இரவெல்லாம் மழை, அதனால் தரை ஊறிப்போயிற்று', இது விளைவு, முன்னால் காற்புள்ளி வரும், துணைவினை தேவையில்லை. 'ஸோ'வையும் 'தட்'டையும் பிரித்து நடுவில் 'ஹெவி' போன்ற சொல்லைச் செருகினால் 'தூக்க முடியாத அளவுக்குக் கனம்' என்ற மூன்றாவது பொருள் வந்துவிடும். மூன்றுக்கும் தமிழில் '-ஆக', '-படி', 'அதனால்', 'அளவுக்கு' என்று தனித்தனி வழி இருக்கிறது. தமிழை முதலில் தீர்மானித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் குழப்பம் குறைவு.

இணைப்புச் சொல்லே இல்லாமல் துணை வாக்கியம் திறக்கும் இடமும் உண்டு. 'ஹாட் ஐ நோன்', 'வேர் ஐ டு கோ', 'ஷுட் யூ நீட் ஹெல்ப்'. வினை எழுவாய்க்கு முன்னால் வந்து நின்றதே 'இஃப்'புக்குச் சமம். இன்றைய ஆங்கிலத்தில் இதைச் செய்ய 'ஹாட்', 'வேர்', 'ஷுட்' மூன்றுக்கும்தான் பொதுவாக அனுமதி. இன்னொரு நுணுக்கம், எதிர்மறையைச் சுருக்கி முன்னால் கொண்டுவர முடியாது: 'ஹாட் ஐ நாட் நோன்' சரி, 'ஹாடன்ட் ஐ நோன்' என்று எழுதினால் கேள்வியாகிவிடும். 'நோ ஸூனர் ஹாட் ஹி கம் தேன்' என்பதிலும் வினை முன்னால் வந்திருக்கிறது, ஆனால் அங்கே காரணம் வேறு, எதிர்மறைச் சாயல் கொண்ட சொல் தலைக்கு வந்ததால் வினை பின்தொடர்கிறது. 'ஸூனர்' ஒப்பிடும் சொல் என்பதால் எதிரே 'தேன்' வரும்; 'ஹார்ட்லி'க்கு எதிரே 'வென்' வரும். இரண்டையும் மாற்றிப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

'பிகாஸ்' பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. 'ஐ டிடின்ட் கோ பிகாஸ் ஐ வாஸ் அஃப்ரெய்ட்' என்று எழுதினால் இரண்டு பொருள். பயந்ததால் போகவில்லை என்றும் எடுக்கலாம். போனேன், ஆனால் பயத்தால் போகவில்லை, வேறு காரணம் என்றும் எடுக்கலாம். 'நாட்' எதன்மேல் விழுகிறது என்பதுதான் கேள்வி. தமிழில் 'பயந்ததால் போகவில்லை', 'பயந்ததால் அல்ல நான் போனது' என்று வேறுவேறு வாக்கியம் ஆகிவிடும். முதல் பொருள் வேண்டும் என்றால் 'பிகாஸ்' பகுதியைத் தூக்கி முன்னால் வைத்துவிடுங்கள், சந்தேகமே இராது. 'சின்ஸ்', 'ஆஸ்', 'வைல்' மூன்றும் காலத்தையும் சொல்லும், காரணத்தையோ முரணையோவும் சொல்லும். குழப்பம் வரும் என்று தோன்றினால் காரணத்துக்கு 'பிகாஸ்', முரணுக்கு 'வேர்ஆஸ்' என்று தெளிவான சொல்லுக்கு மாறிவிடலாம்.

இவற்றை எல்லாம் 'கன்ஜங்ஷன்' என்று ஒரே பெயரில் அழைப்பதே சரியில்லை என்ற வாதமும் உண்டு. 'பிஃபோர் நூன்' என்றால் ஒரு இனம், 'பிஃபோர் ஹி கேம்' என்றால் இன்னொரு இனம் என்று ஒரே சொல்லை ஏன் இரண்டாக்க வேண்டும், ஒரு வினை பெயரையும் ஏற்கும் வாக்கியத்தையும் ஏற்கும் என்பதற்காக அதை இரண்டு இனமாக்குகிறோமா என்று டென்மார்க் அறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் கேட்டார். 2002-இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணமும் அதே வழியில் போய், 'தட்', 'வெதர்' போன்ற சிலவற்றை மட்டும் தனி இனமாக வைத்துக்கொண்டு 'பிஃபோர்', 'பிகாஸ்', 'அன்லெஸ்' போன்றவற்றையெல்லாம் 'ப்ரெப்பொசிஷன்' பக்கம், அதாவது 'அபவுட்', 'ஆன்' இருக்கும் பக்கம், தள்ளிவிட்டது. எனக்கு இந்தப் பார்வை பிடிக்கும். 'முன்' என்ற நம் சொல் 'நண்பகலுக்கு முன்' என்பதிலும் 'வருவதற்கு முன்' என்பதிலும் ஒரே சொல்தானே. பெயர் எதுவானாலும், 'இந்தச் சொல் தனக்குப் பின்னால் என்ன கேட்கிறது' என்ற கேள்வியோடு அணுகினால் போதும். 'டிஸ்பைட்' பெயரைக் கேட்கும், முழு வாக்கியத்தைக் கேட்காது. 'ஆல்தோ' முழு வாக்கியத்தைக் கேட்கும். 'டிஸ்பைட் ஹி வாஸ் இல்' என்று எழுதிவிட்டால் அதைச் சரிசெய்ய நடுவில் 'த ஃபேக்ட் தட்' போட வேண்டியிருக்கும், அதைவிட 'ஆல்தோ'வே மேல்.

ஆகவே நோட்டில் சொல்லை மட்டும் எழுதாமல், அதற்குப் பின்னால் இரண்டு மூன்று சொல் உள்ள முழுத் துணுக்கை எழுதுங்கள். 'அன்டில் யூ ஃபினிஷ்', 'அன்லெஸ் இட் ரெய்ன்ஸ்', 'நவ் தட் ஹி இஸ் ஹியர்', 'பை த டைம் வி காட் தேர்' என்று. எதிரே தமிழிலும் முழு வினையோடு எழுதுங்கள்: 'நீ முடிக்கும் வரை', 'மழை பெய்தாலொழிய', 'அவர்தான் வந்துவிட்டாரே, இனி', 'நாங்கள் போய்ச் சேர்வதற்குள்'. காலமும் எதிர்மறையும் அந்தத் துணுக்கோடே மனதில் பதிந்துவிடும்.

மூன்றாவது வாக்கியம் பாக்கி. 'மீட்டிங் எப்போது என்று கேட்டேன்' என்பதில் 'என்று' இருப்பதால் 'தட்' போட்டுவிட்டீர்கள். நம் 'என்று' யாரையும் பாகுபாடு பார்க்காமல் ஏற்கும்: செய்தியையும் ஏற்கும், கேள்வியையும் ஏற்கும், ஒருவர் சொன்னதை அவர் வாயால் சொன்னபடியே ஏற்கும். 'தட்' செய்தியை மட்டும்தான் ஏற்கும். கேள்விச் சொல் இருந்தால் அந்தக் கேள்விச் சொல்லே வாசலில் நிற்கும், அதற்கு முன்னால் 'தட்'டுக்கு இடம் கிடையாது. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியானால் 'வெதர்' அல்லது 'இஃப்' வாசலில் நிற்கும். உள்ளே போன பிறகு அது கேள்வியும் இல்லை, அதனால் 'இஸ் த மீட்டிங்' என்று கேள்வி வரிசை எடுக்காமல் 'த மீட்டிங் வாஸ்' என்று சாதாரண வரிசைக்குத் திரும்பும். கேட்டது முன்பு என்பதால் 'வாஸ்'. கூட்டம் இனிமேல்தான் நடக்கப்போகிறது என்றால் 'இஸ்' வைத்தாலும் தவறில்லை. 'ஐ ஆஸ்க்ட் ஹிம் வென் த மீட்டிங் வாஸ்.'